ஊளைக்குரங்கின் உள்ளமைப்பு: வாசகர் கேள்விகள்

இலை தின்னும் தென் அமெரிக்க ஊளைக்குரங்கின் வயிறும் நம் நாட்டு மந்தியின் வயிறும் ஒன்றுபோல் இருக்குமா?
(கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

இருக்காது. லங்கூர் எனப்படும் மந்தியின் இரைப்பை அறைகளாகப் பிரிந்தது. இலையின் நாரை நுண்ணுயிரிகள் அங்கேயே நொதிக்க வைப்பதால், அசைபோடுவதில்லை என்ற வேறுபாட்டைத் தவிர்த்தால், அது மாட்டுக்கு நெருக்கமானது. ஹவ்லர் எனப்படும் ஊளைக்குரங்குக்கோ இரைப்பை எளிய ஒற்றைப் பைதான்; நொதித்தல் பெருங்குடலின் தொடக்கமாகிய சீக்கத்திலும் அதைத் தொடரும் அகன்ற கோலனிலும் நிகழ்வதால் அதற்குக் குதிரையே சரியான ஒப்புமை. அந்த அகலத்தின் விளைவைப் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஆய்வாளர் காத்தரின் மில்டன் அளந்து காட்டினார்: தின்றது வெளிவரத் தொடங்க ஊளைக்குரங்குக்குச் சுமார் 20 மணி நேரமும், ஏறக்குறைய அதே எடையுள்ள, பழமே முதன்மை உணவான சிலந்திக்குரங்குக்குச் சுமார் 4 மணி நேரமும் ஆயின. மூளையின் எடையும் முறையே ஏறத்தாழ 50 கிராம், 107 கிராம். (கீரை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் இந்த எண்களைக் காட்டிவிடாதீர்கள்.)

அவ்வளவு பெரிய குரல் எங்கிருந்து வருகிறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்)

நமக்கு நாவின் அடியில் லாட வடிவில் ஒரு மெல்லிய எலும்பு உண்டு. ஊளைக்குரங்கில், குறிப்பாக ஆணில், அந்த நாவடி எலும்பே உப்பி உள்ளீடற்ற கிண்ணமாகி, காற்றுப்பையோடு சேர்ந்து குரலைக் குடத்துக்குள் பேசியதுபோல் முழங்கச் செய்கிறது. 2015இல் வெளியான ஓர் ஒப்பாய்வின்படி, நாவடி எலும்பு பெரிதாக உள்ள இனங்களில் ஆணின் விதைகள் சிறுத்திருக்கின்றன. ஒன்றுக்குச் செலவிட்டது மற்றொன்றில் குறைகிறது என்று இதைப் படிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

மண்டையோட்டை மட்டும் வைத்து எந்தக் கண்டத்துக் குரங்கு என்று சொல்ல முடியுமா?
(விலங்கியல் மாணவர், கடலூர்)

முடியும். தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் முன்கடைவாய்ப் பற்கள் மூன்று இருந்தால் தென் அமெரிக்கா, இரண்டு இருந்தால் நம் பக்கம். மொத்தப் பற்களை மட்டும் எண்ணி முடிவு கட்டாதீர்கள்: ஊளைக்குரங்குக்கு 36, நம் நாட்டுக்குரங்குக்கு 32 என்றாலும், கடைசிக் கடைவாய்ப் பல்லை இழந்துவிட்ட மார்மோசெட் என்ற சிறிய தென் அமெரிக்கக் குரங்குக்கும் 32தான். ஐயம் எழுந்தால் காதைப் பாருங்கள். நம் குரங்குகளில் செவிப்பறைக்கு வெளியே எலும்புக் குழாய் நீள்கிறது, தென் அமெரிக்கக் குரங்குகளில் வெறும் வளையம் மட்டுமே.

ஊளைக்குரங்குக்குக் கன்னப்பை உண்டா?
(வாசகி, முத்தியால்பேட்டை)

இல்லை. செஞ்சிக் கோட்டையில் உங்கள் கையிலிருந்து பொரியைப் பறித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் வித்தை நம் நாட்டுக்குரங்கின் துணைக்குடும்பத்துக்கே உரியது.