லேத் இல்லாமல் டிராயருக்கு மரக் கைப்பிடி நாமே செய்ய முடியுமா?

கேட்டவர் பழைய தேக்கு மேசை ஒன்று வாங்கியிருக்கிறார். நாலு டிராயர், அதில் இரண்டுக்குப் பிடி இல்லை. கடையில் கிடைக்கிற பளபள ஸ்டீல் பிடி அந்த மேசைக்கு ஒட்டவில்லை. மரத்திலேயே செய்து மாட்டலாமா, லேத் இல்லாமல் நடக்குமா என்பது கேள்வி.

நடக்கும். ஆனால் உருண்டைக் குமிழ் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். நீளப் பிடியில் ஆரம்பியுங்கள்.

நான் ஆசாரி கிடையாது. மதுரை அவனியாபுரத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கடையில் பெஞ்ச் வைஸும் டிரில்லும் கிடக்கிற தைரியத்தில் தொட்டதுதான் இந்த வேலை. சமையலறை, துணி அலமாரி, பையனின் படிப்பு மேசை என்று இதுவரை இருபதுக்கு மேல் செய்திருப்பேன். உடைந்தது எத்தனை என்று என் வீட்டம்மாவிடம் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்.

குமிழ் ஏன் வேண்டாம் என்றேன்? அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி. குமிழை விரல் நுனியால் கிள்ளிப் பிடித்து இழுக்கணும், அதுவும் மழைக்காலத்தில் உப்பி இறுகிய டிராயர் என்றால் அவரால் ஆகாது. நீளப் பிடியில் நாலு விரலையும் கொக்கி மாதிரி உள்ளே விட்டு இழுத்தால் போதும், இறுக்கவே வேண்டியதில்லை. இன்னொரு காரணம் ஸ்க்ரூ. கடைந்தெடுத்த குமிழில் மர நார் முன்னிருந்து பின்னாக ஓடும், ஸ்க்ரூ நாரோடு சேர்ந்து உள்ளே போகும், பிடிமானம் குறைவு. நீளப் பிடியில் ஸ்க்ரூ நாருக்குக் குறுக்கே இறங்கும். அப்படி இறங்கினால் லேசில் கழன்று வராது.

நார் விஷயத்தில் நான் பட்டது இது. முதல் பிடியை ஒரு தேக்குப் பலகைத் துண்டில் வெட்டினேன். துண்டு அகலமாக இருந்ததால், நார் ஓடும் நீளவாக்கை விட்டுவிட்டு அகலவாக்கிலேயே பிடியின் நீளத்தை எடுத்துவிட்டேன். இழைத்து, தேய்த்து, மாட்டியபோது பார்க்க அம்சமாக இருந்தது. ஐப்பசி மழையில் டிராயர் இறுகியது. வீட்டம்மா ஒரு இழு இழுத்தார். பிஸ்கட் மாதிரி நடுவில் படக்கென்று இரண்டாக முறிந்தது. உடைந்த இடத்தில் சிம்பு ஒன்றுகூடக் கிளம்பவில்லை, கத்தியால் வெட்டியதைப் போல் நேராக இருந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நெட்டுவாக்குல எடுக்கணும் தம்பி, குறுக்குவாக்குல எடுத்தா விறகு பிளக்குற மாதிரிதான் பிளக்கும்” என்றார். நெட்டுவாக்கில் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் மரம் உப்புவதும் சுருங்குவதும் அகலத்தில்தான். நீளத்தில் அநேகமாக அசையாது. இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே உள்ள தூரம் எல்லா மாதத்திலும் ஒன்றுதான்.

மரத்துக்கு மரக்கடைக்குப் போக வேண்டாம். மேசைக்குப் பலகை வேண்டும், கைப்பிடிக்குக் குச்சி போதும். கோணல் மரம், ஒல்லி மரம், விறகு எல்லாமே இங்கே செல்லும். எனக்குக் கை கொடுத்தது சீமைக்கருவை. ஆமாம், நாம் எல்லோரும் திட்டுகிற அதே மரம். 2017-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை சீமைக்கருவையை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது, காரியாபட்டிப் பக்கம் அப்பா ஊர்க் கண்மாயிலும் வெட்டித் தள்ளினார்கள். (வேரோடு எடுக்காத இடத்தில் அடுத்த மழைக்கே தழைத்துவிட்டது, அது வேறு கதை.) பெரும்பாலும் கரிமூட்டத்துக்குப் போனது. அப்பா கொஞ்சத்தை விறகுக்கென்று தாழ்வாரத்தில் அடுக்கி வைத்திருந்தார். வருடக்கணக்கில் நிழலில் காய்ந்த அந்தக் கட்டையைக் குறுக்கே அறுத்தபோதுதான் பார்த்தேன். வெளியே வெளிர் மஞ்சள் வளையம், உள்ளே செம்பழுப்பு வைரம், அதாவது முற்றிய நடுமரம். தேய்த்தால் கருப்பட்டி நிறத்துக்கு வருகிறது. இரும்பு மாதிரி கனம். காய்ந்த பிறகு கோணிக்கொள்வதும் குறைவு.

வைரத்தை மட்டும் எடுங்கள். இரண்டு நிறமும் கலந்தால் அழகு என்று அந்த மஞ்சளை விட்டு வைத்தால் பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். பச்சைக் கட்டையில் செய்யாதீர்கள். கிடைத்தது பச்சை என்றால் ஓர் அங்குலக் கனத்துக்குப் பிளந்து, இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து, நிழலில் ஒரு வருடமாவது போட்டு வையுங்கள். பெயின்ட் அடிக்காவிட்டால் முனை வேகமாகக் காய்ந்து வெடித்துவிடும். முள்ளைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவை வேண்டாம் என்றால் பூவரசு, வேம்பு, உடைந்த தேக்கு ஜன்னல் சட்டம் எதுவும் சரி. புளியும் நல்ல கடினம். கறிக்கடையில் வெட்டுகிற கட்டையே அதுதானே.

அளவைப் பிடிக்கு முன்னால் மேசையில் எடுங்கள். பழைய ஓட்டை இருந்தால் நடுவுக்கு நடு எவ்வளவு என்று பாருங்கள். இப்போது கடையில் வருகிற பிடிகள் 96 மி.மீ., 128 மி.மீ. என்று 32-இன் மடங்காக இருக்கும், பழைய மேசையில் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. நான் செய்வது 128. பிடியின் மொத்த நீளம் 150, உயரம் 25, முன்னால் துருத்துவது 35. அதில் உள்பக்கம் 22 குடைந்தால் விரல் தாராளமாக நுழையும், வெளியே 13 மி.மீ. கனம் மிஞ்சும். வெட்டுவதற்கு முன் தெர்மோகோலில் ஒன்று செதுக்கி, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் விரலுக்குச் சரியாக இருந்தது அம்மாவின் மோதிரத்துக்கு இடித்தது.

இனி வேலை. கைப்பிடியை முதலில் அளவாக அறுத்துவிட்டுப் பிறகு செதுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சின்னத் துண்டைப் பிடிக்க முடியாது, உளி கையில்தான் இறங்கும். ஒரு முழ நீளக் கட்டையை 25-க்கு 35 சட்டமாக இழைத்து, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையில் பிடியைச் செதுக்குங்கள். ஸ்க்ரூ ஓட்டையைச் சட்டம் சதுரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். வளைவு வந்த பிறகு டிரில் வழுக்கும். குடைய வேண்டிய இடத்தில் கைவாளால் ஐந்து மி.மீ.க்கு ஒன்றாக வெட்டுப் போட்டு, உளியால் தட்டினால் சில்லு சில்லாகக் கழன்றுவிடும். அப்புறம் அரை உருண்டை அரம். கடைசியாக 80, 120, 220 நம்பர் உப்புத்தாள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கட்டையிலிருந்து அறுத்து எடுப்பது. ஒரு முழத்தில் இரண்டு பிடி வரும். கடைசித் துண்டு பிடித்துக்கொள்ளத்தான். சீமைக்கருவையைத் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பிடியில் 3 மி.மீ. ஓட்டை, டிராயர் முகப்பில் 5 மி.மீ. முகப்பு ஓட்டை லூசாக இருந்து பின்னால் வாஷர் போட்டால், பிடி கொஞ்சம் சாய்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம். 18 மி.மீ. கனமுள்ள முகப்புக்கு ஒன்றரை அங்குல மர ஸ்க்ரூ சரியாக இருக்கும். வைரக் கட்டையில் ஸ்க்ரூவை அப்படியே திருகினால் பாதியில் தலை முறியும். மெழுகுவர்த்தியில் ஒரு தேய் தேய்த்துவிட்டுத் திருகுங்கள். பித்தளை ஸ்க்ரூ போட ஆசை என்றால், அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஒரு தடவை ஏற்றிக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

மெருகுக்கு நான் முதலில் தடவியது தேங்காய் எண்ணெய். அது காயவே காயாது. அடுப்படித் தூசியெல்லாம் ஒட்டி, ஒரு மாதத்தில் சிக்கு வாடை. ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப்பட்டு இறுகும். ஹார்டுவேர் கடையில் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று தடவை போதும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், அந்த எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குமிழ்தான் வேண்டும் என்றால் கடைசல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கட்டில் கால் கடைகிறவர்களுக்கு அது பெரிய வேலையே இல்லை. குமிழோடு ஓர் அங்குலத்துக்குத் தண்டு விட்டுக் கடையச் சொல்லி, அந்தத் தண்டை முகப்பில் நுழைத்துப் பசை போட்டு, பின்னாலிருந்து ஆப்பு அடித்தால் ஸ்க்ரூவே வேண்டாம். கையாலேயே எட்டுக் குமிழை ஒரே அளவில் செதுக்க நானும் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றோடு எழுந்துவிட்டேன். அந்த மூன்றும் இப்போது வாசல் சுவரில் வண்டிச் சாவி மாட்ட இருக்கின்றன.