வால்வு அம்ப்ளிஃபயர்: பழைய பெயருக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன். மாமா லண்டனில் இருந்து கொண்டுவந்து தந்த வால்வு அம்ப்ளிஃபயர் ஒன்று என்னிடம் உண்டு. ஈஎல்34 என்ற பெரிய கண்ணாடி வால்வு நான்கு, பக்கத்துக்கு ஒன்றாக 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வு இரண்டு. கொஞ்ச நாளாக இடது பக்கம் சத்தம் குறைவு, இடைக்கிடை இரைச்சலும் வருகிறது. இணையத்தில் ஒருவர் முல்லார்ட் என்ற கம்பெனியின் பழைய ஈஎல்34 நான்கு தருவதாகச் சொல்கிறார். விலை புதியதைப் போல ஆறு மடங்கு. வாங்கலாமா? ஈஎல்34-க்குப் பதில் கேடி88 என்ற வால்வைப் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா?

பதில்: காசு இன்னும் அனுப்பவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். பழுது எதில் என்றே இன்னும் தெரியாதே.

பிளக்கைக் கழற்றி, வால்வுகள் நன்றாக ஆறிய பிறகு, இரண்டு 12ஏஎக்ஸ்7-ஐயும் இடம் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். இரைச்சல் வலது பக்கம் போனால் பழுது அந்தச் சின்ன வால்வில்தான். பெரிய நான்கையும் தொடவே வேண்டாம். இடதிலேயே நின்றால் ஈஎல்34 ஆக இருக்கலாம், உள்ளே வேறு பழுதாகவும் இருக்கலாம். அதைத் தொழில் தெரிந்தவர் பார்க்கட்டும். நீங்கள் அடிப்பக்கத்தைத் திறக்காதீர்கள். உள்ளே நானூறு வோல்ட் அளவில் ஓடும், கறண்டை நிறுத்திய பிறகும் கபாசிட்டரில் தங்கி நிற்கும்.

இன்னொன்று, கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் வால்வின் கால்கள் கறுத்துப் போகும். கழற்றும்போதே கொன்டக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கள். சில நேரம் வேலை அதோடு முடிந்துவிடும். கண்ணாடிக்குள் வெள்ளிபோல் மினுங்கும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

அப்புறம் முல்லார்ட். பெயர் பெற்றவை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்தவை. இன்று அதே பெயரில் புதிதாக வருபவை ரஷ்யாவின் சரத்தோவில் தயாரானவை. அவை மோசமில்லை, ஆனால் பழைய விலைக்கு உரியவை அல்ல. கண்ணாடியில் உள்ள பெயரை யாரும் அச்சடிக்கலாம். பழையவற்றில் கண்ணாடியின் அடியில் சாம்பல் நிறத்தில் சிறிய குறியீடு பொறித்திருக்கும். அதன் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

உண்மையானதாகவே இருந்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். ஈஎல்34 சூட்டில் தேயும் வால்வு, சில ஆயிரம் மணித்தியாலம்தான் உழைக்கும். ஏற்கெனவே எவ்வளவு ஓடியது என்று அவரும் சொல்லமுடியாது. மாற்றத்தான் வேண்டும் என்றால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போன்ற புதியதை, ஒன்றோடொன்று பொருத்திய நான்காக வாங்குங்கள். பொருத்தியது என்றால் ஒரே வோல்ட்டில் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு கறண்ட் இழுக்கும் என்று அளந்து பார்த்தது. அந்த அளவு பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். போட்டதும் பயஸ், அதாவது பாட்டு ஓடாதபோது வால்வு எவ்வளவு கறண்ட் இழுக்க வேண்டும் என்ற அமைப்பு, சரிபார்க்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். பழைய வால்வில் ஆசை இருந்தால் சின்ன வால்வில் அதைத் தீர்த்துக்கொள்ளலாம், அது நெடுநாள் உழைக்கும்.

கேடி88 அதே சொக்கெட்டில் உட்காரும். ஆனால் அதற்கு வேண்டிய பயஸ் வேறு. அம்ப்ளிஃபயரோடு வந்த புத்தகத்தில் போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.