சனிக்கிழமை வானொலி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு குறிப்பில், நியூசிலாந்து வானொலியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியை இணையத்தில் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நானும் பழைய பதிவுகள் சிலவற்றைக் கேட்டேன். எனக்கு ஒட்டவில்லை. ஓர் அமைச்சரைப் போட்டு வறுத்தெடுக்கிறார்கள். அது முடிந்த கையோடு பவளப்பாறை பற்றி ஒரு விஞ்ஞானி. அப்புறம் ஒரு நாவலாசிரியர். நடுநடுவே பாட்டு. நான் இயற்பியல் படித்தவன். எனக்கு வேண்டிய அறிவியலைக் கொடுக்கத் தனி பாட்காஸ்ட்கள் கொட்டிக் கிடக்கின்றன. இப்படி எல்லாவற்றையும் கலந்து கொடுப்பது கேட்பவரை நுனிப்புல் மேயப் பழக்குவதுதானே? நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்க உங்களுக்கு எங்கிருந்து பொறுமை வருகிறது?

க.

அன்புள்ள க.,

நான்கு மணி நேரமும் உட்கார்ந்து கேட்பதில்லை. அந்த நிகழ்ச்சி அதை எதிர்பார்ப்பதும் இல்லை. துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ கேட்பதற்கென்றே செய்யப்பட்டது அது. கவனம் நழுவும், திரும்ப வரும். பத்து நிமிஷம் தவறினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கலவை எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். சனிக்கிழமை செய்திக்குப் பஞ்சமான நாள். நாடாளுமன்றம் பொதுவாகக் கூடுவதில்லை, நீதிமன்றம் இல்லை, பங்குச் சந்தை மூடியிருக்கும். வாரநாள் காலை என்றால் ஓர் அமைச்சருக்கு ஐந்தாறு நிமிஷம் கொடுப்பதே பெரிது, அடுத்தவர் வரிசையில் நிற்பார். சனிக்கிழமை அந்த நெருக்கடி இல்லை. அதே சமயம் அறிவியல் பக்கம் சரக்கு அப்போதுதான் வந்து இறங்கியிருக்கும். 'நேச்சர்' இதழின் முக்கியமான கட்டுரைகள் புதன்கிழமை வெளியாகின்றன, 'சயன்ஸ்' வியாழக்கிழமை. இன்ன நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு செய்தியாளர்களுக்குச் சில நாள் முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். அதனால் தயாரிப்பாளர் அதைப் படித்து, எழுதியவரைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் இருக்கிறது. அரசியல் சற்றே ஒதுங்கி இடம்விடும் நாளில் மற்றவை உள்ளே வருகின்றன. அவ்வளவுதான். கலப்பது நல்லது என்று யாரும் கொள்கை வகுத்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, அப்படி வந்த கலவையால் என்ன பயன்? நீங்கள் கேட்டவை கிம் ஹில் நடத்திய காலத்துப் பதிவுகள் என்று நினைக்கிறேன். 2002 முதல் 2023 நவம்பர் வரை அந்தச் சனிக்கிழமை காலைகள் அவருடையவை. அதற்கு முன் வாரநாள் காலை நிகழ்ச்சியில் அரசியல்வாதிகளை உலுக்கி எடுத்துப் பெயர் வாங்கியவர். நேயர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை அவ்வப்போது வாசிப்பார், தன்னைத் திட்டி வருபவற்றையும் சேர்த்து. அதுவும் ரசமான பகுதி.

அவர் பால் கலஹன் என்ற இயற்பியலாளரோடு பேசிய தொடர் ஒன்று உண்டு. கலஹன் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர், காந்த ஒத்ததிர்வு ஆராய்ச்சியில் உலக அளவில் பெயர்பெற்றவர், 2012இல் காலமானார். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் விஞ்ஞானி அல்லாத, ஆனால் எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத ஒரு பத்திரிகையாளர். அந்த உரையாடல்கள் இருவர் பெயரிலும் 2007இல் புத்தகமாகவே வந்தன. நுனிப்புல் என்றால் அது புத்தகம் வரை போயிருக்காது.

அவற்றைக் கேட்ட ஆர்வத்தில் கலஹனின் வேலையைத் தேடிப் படித்தேன். நீங்கள் இயற்பியல் படித்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்துச் சற்றே தட்டிவிட்டால், அவை பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) புலத்தில் அந்த ஆட்டம் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை, அதாவது 64 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். அலைவரிசை 88இல் தொடங்குகிறது, இது அதற்குக் கொஞ்சம் கீழே. ஆக, ஸ்கேன் எடுக்கும்போது கருவி கேட்பது நம் உடம்பிலிருந்து வரும் ரேடியோ அலைகளை! இனி அந்தப் பெரிய காந்தத்தை எடுத்துவிட்டு, பூமியின் சொந்தக் காந்தப்புலத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். அது சுமார் 50 மைக்ரோடெஸ்லாதான், அதாவது ஒரு டெஸ்லாவின் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு. இப்போது ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் முறை. நம் காதுக்கு எட்டுகிற சுருதி அது. வரும் மின்சமிக்ஞையைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால், தேய்ந்து மறையும் சீழ்க்கையாக அதைக் கேட்கலாம். கலஹனும் கூட்டாளிகளும் இப்படிப் பூமியின் புலத்தையே நம்பி இயங்கும் கருவியை அண்டார்க்டிகாவுக்குக் கொண்டுபோய், கடற்பனிக்குள் உப்புநீர் எப்படிச் சிறைப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். கனமான காந்தத்தைப் பனியில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். இரும்பு எதுவும் அருகில் இல்லாத வெட்டவெளியில் பூமியின் புலம் மிகச் சீராகவும் இருக்கும்.

நான் அறிவியல் பாட்காஸ்ட் தேடிப் போகிற ஆள் இல்லை. இது என்னிடம் வந்து சேர்ந்ததே நாவலாசிரியருக்காக ரேடியோவை அணைக்காமல் விட்டதால்தான்.

நீங்கள் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்கலாம்: எனக்குத்தான் அறிவியல் ஏற்கெனவே கிடைக்கிறதே, எனக்கு எதற்கு? இங்கேதான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்கிறேன். அறிவியலுக்கென்றே உள்ள வானொலி நிகழ்ச்சிகள்மீது எனக்கு மரியாதை உண்டு. கனடாவில் 'க்விர்க்ஸ் அண்ட் குவார்க்ஸ்', ஆஸ்திரேலியாவில் ராபின் வில்லியம்ஸ் தொடங்கிய 'தி சயன்ஸ் ஷோ', இரண்டுமே 1975இல் ஆரம்பித்தவை. ஆனால் அங்கே விஞ்ஞானி தன் சொந்த வீட்டில் இருக்கிறார். நடத்துபவர், கேட்பவர், எல்லாருமே அவர் பக்கத்து ஆட்கள். கலவை நிகழ்ச்சியிலோ, அமைச்சரிடம் "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று சற்று முன் கேட்ட அதே வாய் விஞ்ஞானியிடமும் கேட்கிறது. அவர் ஆதாரத்தைச் சொல்கிறார். எத்தனை பேரிடம் சோதித்தது, எங்கே பிழை வரலாம், எது இன்னும் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அது காதில் இருக்கும்போது அமைச்சர் சொன்ன பதில் மறுபடி நினைவுக்கு வரும். அப்போதுதான் அதில் இருந்த ஓட்டை தெரியும். எதிர்ப்புறமாகவும் நடக்கும். கவிஞரின் பேச்சில் இருக்கும் தயக்கமும் துல்லியமும் விஞ்ஞானியிடம் இல்லாமல் போய், அவர் வெறும் விளம்பரம் செய்கிறார் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும் நாள்களும் உண்டு. தனித்தனிப் பெட்டியில் கேட்டால் இந்த ஒப்பீடு உங்களுக்குக் கிடைக்காது.

அரைமணி நேரத்தில் ஒரு துறையின் ஆழம் கிடைக்குமா? கிடைக்காதுதான். ஒருவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எடைபோட அது போதும். ஆழத்துக்கு உங்கள் பாட்காஸ்ட்டும் பாடநூலும் இருக்கின்றன.

குறைகள் இல்லாமல் இல்லை. பல நிலையங்களில் அறிவியலை, விநோதமான பிராணி ஒன்றைப் பற்றி நிகழ்ச்சியின் கடைசியில் சிரித்துக்கொண்டே பேசும் பகுதியாக ஆக்கிவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கும். எழுத்தாளர்கள் வருவதும் பெரும்பாலும் புதுப் புத்தகத்தை விற்கத்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் இதற்கு மேல் பேசாமல் இருப்பது நல்லது.

வேறு நாட்டுக் கலவை நிகழ்ச்சி ஒன்றையும் பார்ப்போம். அமெரிக்கப் பொது வானொலியின் 'வீக்எண்ட் எடிஷன்' 1985இல் ஸ்காட் சைமனோடு சனிக்கிழமைகளில் தொடங்கியது. ஞாயிறு பதிப்பு 1987இல் சூசன் ஸ்டாம்பெர்கோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் இருப்பதுபோல வானொலியிலும் புதிர் வேண்டும் என்று அவர் கேட்டு, வில் ஷார்ட்ஸ் என்ற புதிர்க்காரர் அன்றிலிருந்து போட்டுவருகிறார். நேயர் ஒருவர் தொலைபேசியில் விடை தெரியாமல் முழிப்பதைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் நாடு முழுக்க உள்ள உள்ளூர் நிலையங்கள் இடையில் நுழைய வேண்டும் என்பதால் அங்கே ஒவ்வொரு பகுதியும் குறித்த நேரத்தில் நொடி பிசகாமல் முடிந்தாக வேண்டும். விஞ்ஞானிக்குச் சில நிமிஷம்தான். மூச்சுவிட இடம் கொடுக்கும் நியூசிலாந்து முறைதான் எனக்குச் சரி. அங்கே விளம்பர இடைவேளையும் கிடையாது.

உங்களுக்கு ஒட்டாததற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். இணையத்தில் நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அறிவியல் துண்டை மட்டும் எடுத்தால் அது இன்னொரு பாட்காஸ்ட், அவ்வளவே. ஒரு சனிக்கிழமை நேரலையில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். விஞ்ஞானி போனதும் அணைக்க வேண்டாம், அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் பத்து நிமிஷம் கொடுங்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், 'க்விர்க்ஸ் அண்ட் குவார்க்ஸ்' உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அன்புடன்.