டிசம்பரில் வீடு மாற்றுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

வட கரோலினாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். மகன் சிவில் எஞ்சினியரிங் கடைசி வருடம். நாலு வருடமும் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு மாணவ மேனேஜராக இருந்து, பந்தும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தவன். இப்போது கோச் ஆகப்போகிறேன் என்கிறான். கிராஜுவேட் அசிஸ்டென்ட் வேலை கேட்டு ஊர் ஊராக மெயில் போடுகிறான். கல்லூரி அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. நீங்கள் அமெரிக்காவில் இருந்தபோது இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறேன். ஆடாதவனை எடுப்பார்களா? தலைமைப் பயிற்சியாளர் ஆக எத்தனை வருடம் பிடிக்கும்?

எஸ்.ஆர்., சார்லட்

அன்புள்ள எஸ்.ஆர்.,

முதல் கவலையை விட்டுவிடுங்கள். பேர்பெற்ற கோச் மைக் லீச் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவர் இல்லை. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனார். சின்னச் சின்னக் கல்லூரிகள், நடுவே பின்லாந்து என்று அலைந்து, 2000-இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்பவன் பெயரளவில் முதுகலை மாணவன். வழக்கமாகப் படிப்புச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். கையில் கொஞ்சம் பணம். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் வீடியோவை விடிய விடியப் பார்த்து வகை பிரிப்பான். அவர்களுடைய ஆட்ட வகைகளை அட்டையில் வரைந்து பிடிப்பான். பயிற்சியின்போது மாற்று வீரர்கள் அதைப் பார்த்து எதிரணி மாதிரி ஆடிக்காட்டுவார்கள். மேனேஜராக இருந்தவனுக்கு இந்தக் கூலிவேலை புதிதல்ல.

அதற்குமேல் அனலிஸ்ட், ஆட்டங்களை அலசிக் கோச்சுகளுக்குச் சொல்பவர். அப்புறம்தான் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளுக்கு ஒருவர், அதைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கு ஒருவர் என்று தனித்தனி கோச்சுகள். இந்த நாற்காலிகள் குறைவு. முதல்நிலைக் கல்லூரிகளில் களத்தில் சொல்லிக்கொடுக்க 10 உதவியாளர்கள்தான் என்று விதி இருந்தது. 2018-க்கு முன் 9. 2024-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், அனலிஸ்ட்களும் இறங்கிச் சொல்லிக்கொடுக்கலாம். அந்த வகையில் உங்கள் மகனுக்கு நேரம் நன்றாக இருக்கிறது. ஆனால் களம் பாதி வேலைதான். மீதிப் பாதி, பள்ளிக்கூடப் பையன்களைத் தேடிப்போய், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அம்மாவிடம் பேசித் தங்கள் கல்லூரிக்கு இழுத்துவருவது. உங்கள் மகன் கூச்ச சுபாவமா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் குடியிருந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் டிஃபென்ஸ் பக்கத்துக் கோச். நவம்பர் கடைசியில் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். இவருடைய பையன்கள் அந்த வருடம் நன்றாகவே ஆடியிருந்தார்கள். என்ன பிரயோசனம்? புதியவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே வாசலில் 'விற்பனைக்கு' பலகை. பன்னிரண்டு வருடத்தில் இது ஆறாவது வீடு என்று அவர் மனைவி விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

பிரபல கோச் டாபோ ஸ்வின்னிக்கும் இதே கதி வந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்டாகத் தொடங்கியவர். 2000 சீசன் படுத்துக்கொண்டது, தலைமைப் பயிற்சியாளரோடு இவரும் வெளியே. இரண்டு வருடம் ரியல் எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்த்தார். 2003-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டவர், மாணவனாக இருந்தபோது இவருக்குக் கோச்சாக இருந்த டாமி பௌடன். 2008 அக்டோபரில், சீசன் நடுவில், அந்தப் பௌடனே விலக நேர்ந்தபோது அணியைத் தற்காலிகமாக ஸ்வின்னி கையில் கொடுத்தார்கள். ஆட்டத்தைத் திட்டமிட்டு நடத்தும் கோ-ஆர்டினேட்டர் பதவியில் ஒருநாளும் இருந்ததில்லை, நேரே மேலே. 2016, 2018 சீசன்களில் தேசியப் பட்டம். ஒரு தலைவர் விழுந்ததில் தானும் விழுந்து, இன்னொருவர் விலகியதில் எழுந்தவர். எத்தனை வருடம் என்று கேட்கிறீர்கள். இதில் எந்தக் கணக்கைப் போடுவது?

எனக்குப் பிடித்தவர் வேறு ஆள், டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டராக இருந்த பட் ஃபாஸ்டர். 1987-இல் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமரோடு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு வந்து 2019 வரை அங்கேயே இருந்தார். பீமர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவரும் இவரை வைத்துக்கொண்டார், அது அபூர்வம். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது 2006-இல் இவருக்குக் கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளர் ஆகவே இல்லை. பெரிய அணிகளில் இன்று கோ-ஆர்டினேட்டர்கள் சிலர் வருடத்துக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன், அப்பாக்களுக்கு இது உதவும்.

மகன் மெயில் போடும் பட்டியலை வாங்கிப் பாருங்கள். கல்லூரிப் பெயரை விடுங்கள், யாரிடம் வேலை என்று பாருங்கள். பத்து வருடம் கழித்துக் கூப்பிடும் பௌடன் அதில் யார் என்பதுதான் விஷயம். ஜனவரியில் பயிற்சியாளர் சங்க மாநாடு நடக்கும். வேலை தேடுகிறவர்கள் ஹோட்டல் வரவேற்பறையிலேயே பழியாய்க் கிடப்பார்கள். போவதற்கு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

எஞ்சினியரிங்கை விட்டுவிடுவானோ என்ற பயம் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. விட முடியாது. டிகிரி இல்லாமல் கிராஜுவேட் அசிஸ்டென்டாக எடுக்கமாட்டார்கள்.