இரண்டு வருடத்தில் முனைவர்

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். வயது 43. விடுப்பு எடுக்காமல் முனைவர் பட்டம் வாங்க ஆசை. ஓர் ஆலோசகர் மூன்று ஆன்லைன் படிப்புகளைச் சொன்னார். ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். இரண்டே வருடமாம், தலைப்பும் அவர்களே தருவார்களாம். முன்பணம் 5,000 ரூபாய் கட்டிவிட்டேன். எதில் சேரலாம்? பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டுக்கொள்ளலாம்தானே?

(பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தியபடியே எழுதுகிறேன். மணிக்கணக்காகக் கதையளக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி எழுத வரவில்லை, ஏனோ. பிழை பொறுக்கவும்.)

ச.

அன்புள்ள ச.,

மூன்றும் வேண்டாம். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்டி நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறை இடம் தரவில்லை. வெளிநாட்டுப் பெயரைக் காட்டி விற்கப்படும் ஆன்லைன் பிஎச்டி செல்லாது என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் அதே ஆண்டு எச்சரித்தன. உங்களுக்கு உள்ள வழி பகுதிநேரப் பதிவு: துறையின் தடையின்மைச் சான்று, நுழைவுத் தேர்வு, நேர்காணல், கோர்ஸ் ஒர்க் என்கிற தொடக்கநிலைப் பாடங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகள். கேள்வி எண்ணை மாற்றிப்போட்ட பையனைத் திட்டுகிற ஆள், இரண்டே வருடம் என்றதும் பணத்தைக் கட்டுவதா?

பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதை வாங்கிய பிறகு பேசலாம்.

எனக்குக் கோபம் அந்தத் தலைப்பு விஷயத்தில்தான். ஒரு பொது வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். சமோசாவும் பொன்னாடையும் தயாராக இருந்தன. “இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள்?” என்று புறத்தேர்வாளர் கேட்டார். ஆய்வு செய்த அம்மாள் தன் ஆய்வு நெறியாளர் முகத்தைப் பார்த்தார். நெறியாளர் கைபேசியைப் பார்த்தார். ஆறு வருட உழைப்பு அது. அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் தலைப்பை நீங்களே அடைப்புக்குறிக்குள் போட்டு, மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள்! கதையளக்கிற பிள்ளைக்கு ஏன் பத்தி எழுத வரவில்லை? ஒரு பையனைப் பேசவிட்டுக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அதையே மறுநாள் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். “மாடு அத்துக்கிட்டு ஓடிருச்சு” என்றவன் எழுதும்போது எங்கே பேனாவை நிறுத்துகிறான்? பிழைக்குப் பயந்தா, ‘ஓடிருச்சு’ என்று எழுதினால் நீங்கள் சிவப்பு மையால் சுழிப்பீர்கள் என்றா? பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்ற இந்த இரட்டை வழக்கைப் பற்றி 1959இல் மொழியியலாளர் ஃபெர்குசன் எழுதியதிலிருந்து மொழியியலாளர்கள் நிறையவே பேசிவிட்டார்கள். ஆனால் அந்தப் பேனா நிற்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் தினமும் நிற்பது நீங்கள்தானே ஐயா. இதை விட்டுவிட்டு யாரோ கொடுக்கும் தலைப்புக்குக் காசு கட்டுவீர்களா?

இந்தக் கேள்வியோடு நெறியாளரைத் தேடுங்கள். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு ஆய்வாளர்கள் வரைதான் வைத்துக்கொள்ளலாம்; இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. இடம் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அவருடைய பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள்: எழுதிக் கொடுத்த இயலை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தந்தார்?

அதற்கு முன், ஆலோசகரிடம் அந்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.