பழைய பைக் வாங்கலாமா? எதைத் தொட்டுப் பார்ப்பது, எதைக் கேட்டுப் பார்ப்பது

கேள்வி: 15 வருடப் பழைய பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 18,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. அதிகம் ஓடாத வண்டி என்று தைரியமாக வாங்கலாமா?

பதில்: கணக்குப் போட்டால் மாதத்துக்கு 100 கிலோமீட்டர் வருகிறது. ஒன்று, வண்டி நெடுநாள் சும்மா நின்றிருக்க வேண்டும்; இல்லையென்றால் மீட்டர் சும்மா நின்றிருக்க வேண்டும். கேபிளில் ஓடும் பழைய மீட்டரில் கேபிள் அறுந்தாலே எண் நின்றுவிடும். அதற்கு யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதனால் எண்ணை விட்டுவிட்டு, கையும் காலும் படுகிற இடங்களைப் பாருங்கள். ஓட்டுபவரின் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழப்பாகிவிட்டதா, கியர் லீவர் ரப்பரில் பள்ளம் விழுந்திருக்கிறதா, பிரேக் பெடலின் வரிகள் அழிந்துவிட்டனவா? 18,000 கிலோமீட்டரில் இவை அந்த அளவுக்குத் தேயாது. எல்லாமே புத்தம் புதிதாக மின்னினால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

சரி, மீட்டர் உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் சிக்கல் உண்டு. பாதி காலியான டேங்கோடு நின்ற வண்டியில் டேங்கின் உள்சுவர் துருப்பிடிக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக இறுகி, பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டை அடைக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீல் காய்ந்து, ஓட்ட ஆரம்பித்த சில நாளில் ஆயில் கசியும். டிஸ்க் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதை 2 வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றியிருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயரை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

நேரத்துக்கு ஆயில் மாற்றி 50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியா, வருடக்கணக்கில் மூலையில் நின்ற வண்டியா என்றால் எங்கள் ஓட்டு முதல் வண்டிக்குத்தான்.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்கும்போது எங்கிருந்து தொடங்குவது?

பதில்: போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." போனதும் பேசிக்கொண்டே புறங்கையை இன்ஜினுக்குக் கிட்டே கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் வேறு வேலையை முடித்துவிட்டு, ஆறிய பிறகு வாருங்கள். ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது, முதல் புகை, தேய்ந்த பிஸ்டன் தட்டும் சத்தம் எல்லாமே இன்ஜின் சூடானால் ஒளிந்துகொள்ளும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது குறை அல்ல. வெளுத்துப் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் உள்ள வண்டியில் அது ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) அல்லது வாட்டர் பம்ப் சீல் போனதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, வெயிலில் காட்டுங்கள். நெருடுகிற அளவுக்கு உலோகத் துகள் இருந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். குளிர்ந்த வேளையில் முதல் ஓரிரு நிமிடம் மெல்லிய வெள்ளைப் புகை வந்தால் அது வெறும் நீராவி. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்போ கார்புரேட்டர் கோளாறோ இருக்கும். பெரும்பாலும் சின்ன வேலை. நீலப் புகைதான் விஷயம்: ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் மேல் சந்தேகப்படலாம். ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இந்த நிறக் கணக்கு பொருந்தாது. ஆயிலை எரிப்பதுதான் அதன் பிழைப்பே.

கேள்வி: மெக்கானிக் கம்ப்ரஷன் குறைவு என்கிறார். விற்பவரோ ரிங் மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும்போது எழும் அழுத்தம். அது எங்கே கசிகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். இன்ஜினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்தபடி முள் ஏறி நிற்கும்வரை கிக் செய்ய வேண்டும். ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால் நல்ல இன்ஜின்கூடக் குறைவாகக் காட்டும். வந்த எண்ணை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு சின்ன ஸ்பூன், சுமார் 5 மில்லி, இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கிக் செய்யுங்கள். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங், போர் பக்கம். ஏறவே இல்லை என்றால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ கசிகிறது.

ரிங் பக்கம்தான் என்று தெரிந்தாலும் "ரிங் மாற்றினால் போதும்" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். போர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் புது ரிங்கும் அதில் ஒட்டி உட்காராது. போரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். இரும்பு ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்திய குழாய்) உள்ள பல மாடல்களுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே கடைசி சைஸுக்குப் போயிருந்தால் புது ஸ்லீவ் தேவைப்படும். முலாம் பூசிய சிலிண்டரை இப்படிச் சாதாரணமாகக் கடைய முடியாது. சிலிண்டரையே மாற்ற நேரலாம். ஆக, விலை பேசும்போது ரிங் செலவை அல்ல, முழு போர் வேலையின் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: எந்தச் சத்தம் ஆபத்து, எது இல்லை?

பதில்: மேலே ஹெட்டிலிருந்து வரும் சீரான "டிக் டிக்" பெரும்பாலும் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி. சரிசெய்துவிடலாம். இன்ஜினின் ஒரு பக்கத்தில் கரகரவென்று கேட்டால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. கீழே வயிற்றுக்குள்ளிருந்து வருகிற கனமான "டொக் டொக்" முறுக்கும்போது அதிகமானால் கனெக்டிங் ராடு பேரிங் போகிறது. இன்ஜினை முழுதாகப் பிரித்தாக வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை உறையின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். சுழலும் பாகம், செயின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

கேள்வி: ஓட்டிப் பார்க்க ஒரு சுற்றுதான் தருகிறார்கள். அதற்குள் எதைக் கவனிப்பது?

பதில்: கிளட்சையும் கியர்பாக்ஸையும். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் மாற்றினால் தீரும். பிறகு ஒவ்வொரு கியரிலும் இழுத்து விட்டு, சட்டென்று ஆக்சிலரேட்டரை மூடுங்கள். கியர் தானாகக் கழன்று விழுந்தால், குறிப்பாக இரண்டாவதில், கியர் பல்லோ, உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. அதற்கு இன்ஜின் கேஸையே இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கும். "கேபிள் டைட் பண்ணா போயிடும்" என்பார்கள், போகாது.

மிச்சத்தை நிறுத்தி வைத்தே பார்க்கலாம். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பின்னால் இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட் முடிந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது.

கேள்வி: விபத்தில் அடிபட்ட வண்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: புது பெயின்ட் பலதை மறைக்கும், ஹேண்டில் லாக் ஸ்டாப்பரை மறப்பார்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் சட்டத்தில் முட்டி நிற்கும் சின்னத் துண்டு அது. நசுங்கியோ உடைந்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக மோதியிருக்க வாய்ப்பு அதிகம். அதன் பக்கத்தில் வெல்டிங் ஓரம் பெயின்ட் விரிசல், கீழ்க்குழாயில் சுருக்கம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். நேராக ஓடும்போது ஹேண்டில் கோணலாக நின்றால் சில நேரம் ஃபோர்க் கிளாம்ப் முறுக்கிக்கொண்டது மட்டுமாக இருக்கும். சட்டம் வளைந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கேள்வி: பேட்டரி புதிது என்கிறார்கள். அது போதுமா?

பதில்: புது பேட்டரி நல்ல சார்ஜிங்குக்குச் சாட்சி ஆகாது. அடிக்கடி இறங்குவதால்தான் மாற்றினார்களோ என்னவோ. 12 வோல்ட் வண்டியில் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.4 முதல் 12.8 வரை இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து நன்றாக ரேஸ் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 13ஐத் தாண்டாவிட்டால் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயிலையும் வயரிங்கையும் சோதிக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய், பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. சீட்டைத் தூக்கி, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறதா என்றும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருடமாகிறது. வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்கும் முன் உதிரிபாகக் கடையில் பிஸ்டன் கிட், கிளட்ச் பிளேட், சி.டி.ஐ. (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி) மூன்றும் கிடைக்குமா என்று கேளுங்கள். கேபிளும் பிரேக் ஷூவும் வேறு மாடலிலிருந்து ஒப்பேற்றிவிடலாம். இந்த மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் வண்டி மாதக்கணக்கில் படுத்துவிடும். இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆவணத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் அரம் தேய்த்த தடம் தெரிந்தால், விளக்கம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.