செடிக்குள் குடியிருக்கும் எறும்புகள்: கேள்வி பதில்

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் வீட்டுப் பின்கட்டு மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருக்கிறது. செடிக்குள் வாழும் எறும்பு என்கிறார்களே, அது இதுதானா?

பதில்: இல்லை. முசுறு மரத்தின் மேல் வாழ்கிறது, மரத்துக்குள் வாழவில்லை. பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் தன் புழுக்களை வாயில் கவ்வி வந்து இரண்டு இலை ஓரங்களிலும் மாறி மாறித் தொடவைக்கும். புழு விடும் பட்டு நூல்தான் தையல். மாமரம் அதற்கென்று எதையும் கட்டித் தரவில்லை. செடிக்குள் குடியிருப்பது என்று நாம் சொல்வது, செடி வளரும்போதே தானாக உண்டாகும் பொள்ளலில் தங்குவதை. எறும்பே வராவிட்டாலும் அந்தப் பொள்ளல் இருக்கும். எந்தச் செடியில் எறும்பைப் பார்த்தாலும் முதலில் இதைப் பாருங்கள்: இடத்தைச் செய்தது செடியா, எறும்பா?

கேள்வி (தேவகோட்டை): அப்படி வாழும் எறும்பில் ஒன்றை விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: சூடோமிர்மெக்ஸ் ஃபெருகினியஸ். ஊர் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். அங்கே ஒரு வகை வேல மரத்தின் முட்கள் அடி பருத்து இரட்டை இரட்டையாக இருக்கும். முள் பச்சையாக இருக்கும்போதே இளம் ராணி அதன் நுனிக்குச் சற்றுக் கீழே கடித்துத் துளை போட்டு, உள்ளிருக்கும் சோற்றை, அதாவது மெத்தென்ற உட்சதையை, கிளறி வெளியே தள்ளிவிட்டு முட்டையிடும். முள் முற்றி இறுகிவிட்டால் துளையிடுவது பெரும்பாடு.

மரம் இரண்டு தீனி தருகிறது. இலைக்காம்பின் சுரப்பியில் தேன். சிற்றிலைகளின் நுனியில் குருணை போல ஒரு சிறு உருண்டை. அதில் புரதமும் கொழுப்பும் உண்டு. இதைக் கத்தரித்துக் கொண்டுபோய்ப் புழுக்களுக்கு ஊட்டும். 1874இல் இந்த எறும்பையும் மரத்தையும் பற்றி எழுதிய தாமஸ் பெல்ட்டின் பெயரே அந்த உருண்டைக்கு நிலைத்துவிட்டது. பதிலுக்கு எறும்பு இரவு பகல் பாராமல் காவல் சுற்றும், வரும் பூச்சியைக் கொட்டும், தொற்றும் கொடியைக் கடித்து அறுக்கும், மரத்தடியில் முளைப்பதையும் விடாது. டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்க உயிரியலாளர் சில மரங்களிலிருந்து எறும்பை நீக்கிப் பார்த்தார். அவற்றைப் பூச்சி தின்றது, கொடி மூடியது. 1966இல் அதை வெளியிட்டார்.

பிறகு தெரியவந்த விஷயம்தான் எனக்குச் சுவாரசியம். அந்தத் தேனில் சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரை, கிடையாது, உடைந்த எளிய சர்க்கரைதான் இருக்கிறது. அதோடு, சுக்ரோஸைச் செரிக்கும் நொதியை எறும்பின் வயிற்றில் முடக்கும் ஒரு புரதமும் கலந்திருக்கிறது. அதைக் குடித்த எறும்பால் பிற செடிகளின் சுக்ரோஸ் தேனைச் செரிக்க முடியாது. நட்பு நட்பு என்று எழுதுகிறார்கள். கட்டிப்போடுவது என்று சொன்னால்தான் பொருந்தும்.

கேள்வி (புதுவயல்): கண்மாய்க்கரைக் கருவேல மரத்தில் எறும்புச் சாரி ஓய்வதே இல்லை. முள்ளுக்குள் இருக்குமோ?

பதில்: இருக்காது. ஒரு முள்ளை நீளவாக்கில் பிளந்து பாருங்கள், உள்ளே இடமே இருக்காது. எறும்பு போவது இலைக்காம்புக்கு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் காம்பில் நடுவே குழிந்த சிறு புடைப்பு தெரியும். அதுதான் தேன் சுரப்பி. எறும்பு குடித்துவிட்டுப் போகிறது, குடியிருக்கவில்லை.

கேள்வி (காரைக்குடி): அந்த அமெரிக்க வேலத்தின் விதை கிடைத்தால் இங்கே நடலாமா?

பதில்: வேண்டாம். விதையை வெளிநாட்டிலிருந்து தருவிக்கத் தாவர நோய்த்தடுப்பு அனுமதி வேண்டும். எறும்பு இல்லாமல் அந்த மரம் பூச்சிக்கு இரைதான். ஒருவேளை தழைத்துவிட்டால் அது அதைவிட மோசம். சீமைக்கருவேலத்தை வைத்துக்கொண்டு நாம் படுவது போதும்.

கேள்வி (திருப்பத்தூர்): நம் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லையா?

பதில்: உண்டு, ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டில். ஹம்போல்டியா புருனோனிஸ் என்ற சிறு மரத்தில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டுப் பகுதிகள் சில வீங்கிப் பொள்ளலாக இருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. பக்கத்துப் பக்கத்து மரத்திலேயே ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. அறையில் வாசல் பிளவும் தானாகவே திறந்துகொள்ளும். துளை போடத் தேவையில்லை என்பதால் காவல் காக்கும் எறும்பும் வரும், காவல் காக்காத எறும்பும் வரும், ஒரு வகை மண்புழுகூட உள்ளே வசிக்கும். காவலுக்கு ஆள் இல்லாவிட்டாலும் மரத்துக்கு முழு நட்டமில்லை. உள்ளே சேரும் கழிவிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

கேள்வி (காரைக்குடி): பட்ட கிளை உள்ள பூவரச மரத்தில் கை வைத்தபோது ஒரு நீள எறும்பு கொட்டியது. தலையும் வாலும் கறுப்பு, நடு உடல் செம்மஞ்சள். வலி தாங்கவில்லை. ஆச்சி சுண்ணாம்பு தடவச் சொன்னார்கள்.

பதில்: டெட்ராபொனெரா ரூஃபோநைக்ரா. பெரிய கண், ஒல்லியான உடம்பு, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடவே இருக்கும். மேலே சொன்ன அமெரிக்க எறும்பின் குடும்பக்கிளைதான், ஆனால் இது பட்ட கிளையிலும் வண்டு குடைந்த துளையிலும் குடியேறும். இடம் மரம் தந்ததல்ல.

சுண்ணாம்பு வேண்டாம், தோல் வெந்துபோகும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வையுங்கள். உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த எறும்பு கொட்டி உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தது இலங்கையிலும் தாய்லாந்திலும் பதிவாகியிருக்கிறது. பட்ட கிளையை வெட்டும்போது முழங்கை வரை கையுறை போடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): நர்சரியில் எறும்புச்செடி என்று மிர்மிகோடியா வாங்கினேன். கிழங்கில் ஓட்டைகள் இருந்ததால் களிமண் வைத்து அடைத்தேன். உடைந்த ஆத்தங்குடி ஓட்டுத் துண்டும் செம்மண்ணும் போட்டு வைத்தேன். இப்போது இலை மஞ்சளாகிறது.

பதில்: முதலில் களிமண்ணை எடுங்கள். அந்த ஓட்டைகள் பூச்சி போட்டவை அல்ல. கிழங்கு பருக்கும்போது தானாக உண்டாகும் அறைகளுக்கு அவைதான் வாசல். சில அறைச்சுவர் வழுவழுப்பாக இருக்கும், அங்கே எறும்பு குஞ்சு வளர்க்கும். சில சுவர் முடிச்சு முடிச்சாக இருக்கும், அங்கே கழிவைக் கொட்டும். அந்த முடிச்சு வழியாகச் செடி சத்தை இழுக்கும்.

அடுத்தது ஓடு. ஆத்தங்குடி ஓடு சிமென்டில் செய்தது. நனைய நனையக் காரம் இறங்கும், வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். சுட்ட மண் ஓட்டுத் துண்டு போடுங்கள். மிர்மிகோடியா சொந்த ஊரில் மரக்கிளையில் ஒட்டி வளர்வது, செம்மண் இறுகினால் வேர் மூச்சு முட்டிவிடும். நான்கு அங்குலத் தொட்டிக்கு, ஒரு சென்டிமீட்டர் அளவில் நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, ஓட்டுத் துண்டு ஒரு பங்கு. மட்டைத் துண்டைச் சிங்கம்புணரிப் பக்கம் வாங்கலாம். உப்பு போக மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். கிழங்கைப் புதைக்காதீர்கள், வேர் மட்டும் உள்ளே இருந்தால் போதும்.

நம் போர்த் தண்ணீர் உப்பு. வளவு முற்றத்தில் அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீர்தான் இதற்குச் சரி. மேல்பகுதி காய்ந்த பிறகு ஊற்றுங்கள். கிழங்கு சுருங்கினால் தாகம், அமுக்கினால் கொழகொழவென்று இருந்தால் அழுகல். அழுகலை நல்ல சதை தெரியும்வரை சீவி, கரித்தூள் தடவி, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரம் போதும். சித்திரை, வைகாசி அனல்காற்றில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி (அதே வாசகர்): எறும்பு இல்லாமல் வளருமா? நானே பிடித்து விடவா?

பதில்: வளரும், விட வேண்டாம். வீட்டுச் சிற்றெறும்பு குடியேறினால் மாவுப்பூச்சியையும் கொண்டுவந்து மேய்க்கும். கழிவுச் சத்துக்குப் பதிலாக, தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், மாதம் இருமுறை. மாவுப்பூச்சி வந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் வாசலைச் சுற்றித் துடைத்தெடுங்கள். பழம் பழுத்தால் அன்றே பிதுக்கி விதையை ஈர மட்டைத் துண்டின் மேல் ஒட்டுங்கள், மூடாதீர்கள். காய்ந்த விதை முளைக்காது.

கேள்வி (கானாடுகாத்தான்): முசுறை விட்டுவிட்டீர்களே! மாங்காய் பறிக்க முடியவில்லை.

பதில்: வெயில் ஏறுமுன் ஏறுங்கள். கை, கால், கயிறு, தொரட்டி எல்லாவற்றிலும் காய்ந்த விறகுச்சாம்பலைத் தடவினால் அதற்குப் பிடி கிடைக்காது. வியர்வையில் நனைந்துவிட்டால் திரும்பத் தடவ வேண்டும். கூட்டுக்கு மருந்தடிக்காதீர்கள், பூச்சி பிடிப்பதே அதுதான். இலையில் கரும்பூசணம் படிந்திருந்தால் மட்டும் அந்தக் கிளையின் செதில்பூச்சியைத் தேடி, அந்தக் கிளையை நறுக்கி எரித்துவிடுங்கள்.